பொய்க்கூரையும் மெய்வெப்பமும்

அண்மையில் கட்டிய வீடு ஒன்றுக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் எங்கே பார்க்கிறீர்கள்? முன்பெல்லாம் தரையைப் பார்ப்போம்; சிவப்புத் தரையா, மொசைக்கா என்று கவனிப்போம். இன்று எல்லாருடைய கண்ணும் மேலே போகிறது. கான்கிரீட் தளத்துக்கு முக்கால் அடி கீழே, தகரச் சட்டங்களில் தொங்குகின்ற ஜிப்சம் பலகைகள், அல்லது பளபளக்கும் பி.வி.சி. பட்டைகள், அவற்றின் ஓரங்களில் ஒளிந்திருந்து நீலமாகவும் மஞ்சளாகவும் ஒளிரும் எல்.இ.டி. விளக்குகள். 'ஃபால்ஸ் சீலிங்' என்று கடைக்காரர்கள் சொல்லும் இதைத் தமிழில் பொய்க்கூரை என்றே சொல்லலாம்.

பெயரில் பொய் இருக்கிறது என்பதற்காக ஒரு பொருளைக் குறை சொல்லிவிட முடியாது. அழகுக்காக ஒருவர் பொய்க்கூரை போட்டுக்கொண்டால் அதில் நாம் தலையிட வேண்டியதுமில்லை. ஆனால் 'இதைப் போட்டால் வீடு குளிர்ச்சியாக இருக்கும்' என்று சொல்லி விற்கும்போது, அது இயற்பியலைப் பற்றிய கூற்றாகிவிடுகிறது. அப்படிப்பட்ட கூற்றைச் சோதித்துப் பார்க்கும் உரிமை நம் எல்லாருக்கும் உண்டு. இக்கட்டுரை அத்தகைய ஒரு சோதனையே.

சென்ற மார்ச் மாதக் கடைசியில் வேடந்தாங்கலுக்கு அருகில் உள்ள என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா பல ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டிய வீடு. கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் பொய்க்கூரை போட்டிருந்தார்கள். அக்காளின் வளையல்கள் அதற்காகவே அடகுக்குப் போயிருந்தன. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மருமகன் அந்த அறையில்தான் தேர்வுக்குப் படித்திருக்கிறான். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் பாயையும் புத்தகத்தையும் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவானாம்.

"தம்பி, நீ பிசிக்ஸ் வாத்தியார்தானே? இவ்வளவு செலவு பண்ணியும் ராத்திரி ஏன் இப்படிப் புழுங்குது?" என்று மாமா கேட்டார்.

நான் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். இரவு ஒன்பது மணிக்கும் தளம் கால் பொறுக்காத அளவுக்குச் சூடாக இருந்தது. நம் ஊர் வழக்கப்படி கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்க வேண்டும். அங்கே அது இல்லை. வெறும் கான்கிரீட் கறுத்துக் கிடந்தது. கேட்டதற்கு, "தட்டோட்டுக்கு வெச்சிருந்த பணம்தான் உள்ளே சீலிங்குக்குப் போச்சு" என்றார் மாமா. அவர் கேட்ட கேள்விக்கு விடை இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் நம் வீட்டுக்குள் வெப்பம் எந்த வழியாக வருகிறது என்று தெரிய வேண்டும். வேடந்தாங்கல் ஏறத்தாழ 12½ டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும், நண்பகல் சூரியன் அங்கே மிகச் சரியாகத் தலைக்கு மேல் நிற்கிறது. அப்போது சுவர்களின் மேல் வெயில் சாய்வாகவே படும்; கூரையின் மேல் செங்குத்தாக விழும். தெளிவான வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 900 வாட் அளவுக்கு ஆற்றலைக் கொண்டுவருகிறது. கறுத்த கான்கிரீட் இதில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தளம் கொண்ட வீட்டுக்குக் கோடையில் வெப்பம் புகும் தலைவாசல் கூரைதான்.

சூடேறிய கூரை அறைக்குள் இருப்பவரை எப்படித் தாக்குகிறது? மேலிருக்கும் சூடான காற்று கீழே இறங்காது. எனவே வெப்பச் சலனத்துக்கு இங்கே பங்கு குறைவு. கதிர்வீசலே முக்கியம். தளத்தின் அடிப்பக்கம் 45 டிகிரி செல்சியசாகவும், அறையில் உள்ள மற்றப் பொருள்கள் 33 டிகிரியாகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதியைக் கொண்டு கணக்கிட்டால், தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமார் 74 வாட் வெப்பத்தைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இது ஏறக்குறைய 800 வாட். மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்றை அணைக்காமல் வைத்து, அதன் வெப்பத்தை மேலெங்கும் பரப்பிவிட்டது போன்ற நிலை இது. மின்விசிறி இந்தக் கதிர்களைத் தடுப்பதில்லை. நம் வியர்வையை ஆவியாக்கி உதவுகிறது, அவ்வளவே.

இப்போது பொய்க்கூரைக்கு வருவோம். அதனால் பயனே இல்லையா? உண்டு. நியாயமாக அதையும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு மறிக்கிறது என்பதை வெப்பத்தடை என்னும் எண்ணால் குறிக்கிறோம். தடிப்பை மீட்டரில் எழுதி, அப்பொருளின் வெப்பங்கடத்து திறனால் வகுத்தால் இது கிடைக்கும். 12 செ.மீ. கான்கிரீட் தளத்தின் தடை சுமார் 0.08. தளத்துக்கு அடியில் ஒட்டிநிற்கும் காற்றுப் படலம் 0.17 தருகிறது. மொத்தம் 0.25. கூரையின் மேற்பரப்பு 60 டிகிரி, அறை 33 டிகிரி என்றால், வித்தியாசம் 27. இதை 0.25-ஆல் வகுக்க, சதுர மீட்டருக்கு 108 வாட் உள்ளே வருகிறது.

பொய்க்கூரையைச் சேர்ப்போம். 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகையின் தடை 0.06 மட்டுமே. ஆனால் பலகைக்கும் தளத்துக்கும் இடையே அடைபட்டிருக்கும் காற்று 0.2 தருகிறது. ஆக மொத்தம் 0.51. உள்ளே வருவது 53 வாட். ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. விற்பவர் முழுப் பொய் சொல்லவில்லை என்பது இதனால் விளங்கும். ஆனால் பெருமையில் பெரும்பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்று பாருங்கள். விலை கொடுத்து வாங்கிய பலகைக்கு அல்ல; விலையில்லாக் காற்றுக்கு. விளக்குக்காகவும் விசிறிக்காகவும் பலகையில் துளைகள் போட்டு, அவற்றின் வழியே காற்று நுழைந்து வெளிவர விட்டால், அந்த லாபத்திலும் ஒரு பகுதி போய்விடும்.

பொய்க்கூரையே இல்லாமல், அதே கான்கிரீட் தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் என்ன ஆகும்? புதிதாக அடித்த சுண்ணாம்பு வெயிலில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மேற்பரப்பு 60 டிகிரிக்குப் பதில் 45 டிகிரியில் நிற்பதாகக் கொள்வோம். வித்தியாசம் 12, அதை 0.25-ஆல் வகுக்க, 48 வாட். அடகு வைத்துப் போட்ட பொய்க்கூரை தந்த பலனைச் சில மூட்டைச் சுண்ணாம்பு தந்துவிடுகிறது! தளத்தின் மேல் 5 செ.மீ. வெப்பக்காப்புப் பலகை பதித்து, அதன்மீது ஓடும் வெள்ளையும் போட்டால், உள்ளே வருவது ஏழெட்டு வாட்டாகச் சுருங்கிவிடும்.

இவை வெப்ப ஓட்டம் நிலைப்பட்ட பிறகு பொருந்தும் எளிய கணக்குகள். உண்மையில் வெயில் ஏறி இறங்குகிறது. தளம் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுகிறது. ஆனால் அதையும் சேர்த்துப் பார்த்தால் பொய்க்கூரைக்கு மேலும் ஒரு மதிப்பெண் குறையவே செய்கிறது. காரணம், உள்ளே போடும் தடுப்பு தளத்தைக் காப்பதில்லை. தளம் பகல் முழுவதும் வெயிலை வாங்கிச் சேமித்து, இரவில் மேலும் கீழும் விட்டுக்கொண்டிருக்கிறது. மருமகன் பாயைச் சுருட்டிய நேரம் இதுதான். வெளியே போடும் தடுப்போ வெயில் தளத்தைத் தொடுமுன்பே அதை நிறுத்திவிடுகிறது. தளத்தின் ஆயுளுக்கும் இது நல்லது. 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மி.மீ. நீளும். நாள்தோறும் நீண்டு சுருங்கினால் விரிசல் விடாமல் என்ன செய்யும்? அந்த விரிசலையும் அதில் இறங்கும் மழைநீரையும் பொய்க்கூரை நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும் என்பது அதன் இன்னொரு கெடுதல்.

மறுநாள் மாலை மாமாவும் மருமகனும் நானும் ஏரிக்கரைக்குப் போனோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அரசிடம் உரிமை பெற்று, பறவைகளைச் சுடவிடாமல் காத்த ஊர் அது. 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களின் உச்சியில் நத்தைகுத்தி நாரைகளின் கூடுகளில் இன்னும் சில குஞ்சுகள் இருந்தன. வெயில் சாய்ந்த பக்கமாகத் தாய்ப்பறவை நின்று சிறகை விரித்துப் பிடித்திருந்தது. அந்த நிழலில் குஞ்சுகள் ஒடுங்கியிருந்தன. தொலைநோக்கியை மருமகனிடம் கொடுத்தேன். "மாமா, அது கூட்டுக்கு மேலே நிழல் போடுது; உள்ளே ஒண்ணும் போடலை" என்றான் அவன். தேர்வில் இதற்கு மதிப்பெண் இருந்தால் முழுவதும் கொடுத்திருப்பேன்.

இவ்வளவு எளிதான செய்தி நம் உள்ளலங்காரக்காரர்களுக்கு ஏன் எட்டவில்லை? வண்ணப்பட நூல்களிலும் விளம்பரங்களிலும் வரும் அறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகள். அங்கே வெப்பம் உள்ளே, அடுப்பிலோ கணப்பிலோ உண்டாகிறது. அதை வெளியேவிடாமல் காப்பதே பிரச்சினை. சுவருக்கும் கூரைக்கும் உட்புறமாகப் பலகை அடிப்பதும், தரைக்குக் கம்பளம் விரிப்பதும் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை. நமக்கோ வெப்பம் வெளியே, தலைக்கு மேலே இருக்கிறது. விடையை மட்டும் வாங்கிவந்து, கேள்வியை அங்கேயே விட்டுவிட்டோம். எதிர்நீச்சலாக நம் சட்டமும் ஒன்று சொல்லியிருக்கிறது. எரிசக்திச் சிக்கனச் செயலகம் 2018-இல் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்பு நெறிமுறை, கூரை வழியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் புகலாகாது என்கிறது. வெளிக்காற்றுப் படலத்தின் சிறு தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், வெறும் தளத்துக்கு இந்த எண் சுமார் 3.4; பொய்க்கூரையுடன் 1.8. இரண்டுமே தேர்ச்சி பெறவில்லை. மேலே காப்புப் பலகை பதித்த தளத்துக்கு 0.6; அது எளிதில் தேறிவிடுகிறது.

இடத்தையும் மறக்கலாகாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வசிக்கும் அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. பத்தடி அறையில் முக்கால் அடியைப் பொய்க்கூரைக்குக் கொடுத்தால் மீதி 2.82 மீட்டர். விளிம்பில்தான் நிற்கிறோம். அடுத்து, ஈரம். மாமல்லபுரத்திலிருந்து கோவளம் வரை கடலோரமாகக் கட்டப்படும் வீடுகளில் உப்புக்காற்று தகரச் சட்டங்களையும் திருகுகளையும் அரிக்கிறது. ஜிப்சம் பலகை ஈரத்தில் ஊறினால் வலுவிழந்து பூசணம் பூக்கும். இதற்குப் பயந்து பி.வி.சி.க்குப் போனால் வேறொரு கவலை. ஜிப்சத்தின் எடையில் நூற்றுக்கு 21 பங்கு படிக நீர். தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகித் தீயைத் தாமதப்படுத்தும். பி.வி.சி. எரிந்தாலோ ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வெளிப்படும். அழுத்திய மரத்தூள் பலகைகளைப் பிணைக்கும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மெல்லக் கசிகிறது. வெப்பமும் ஈரமும் கூடக்கூட அது அதிகமாகும். இப்பொருளைப் புற்றுநோய் உண்டாக்குவதென 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. அலமாரி வாங்கும்போது நிறத்தை மட்டும் கேட்டால் போதாது.

இதைப் படித்துவிட்டு, 'புதியவை எல்லாம் தீயவை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது என் கருத்தன்று. நான் கேட்பது, எந்தப் புதுமை எந்த இடத்துக்கு என்பதே. மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது, நிலைமாறும் பொருள்கள். பலகைக்குள் ஒருவகை மெழுகைப் பொதிந்து வைக்கிறார்கள். அறை சூடேறும்போது அது உருகி, ஒரு கிலோவுக்குச் சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை உள்ளுறை வெப்பமாக விழுங்கிக்கொள்ளும். அழகான இயற்பியல்தான். ஆனால் மறுநாள் மீண்டும் வேலை செய்ய வேண்டுமானால், இரவில் அது உறைந்தாக வேண்டும். 26 டிகிரியில் உருகும் மெழுகு, மே மாதத்தில் நம் கடற்கரையோர இரவுகளில் உறைவதெப்படி? அங்கே இரவிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இரவு நன்றாகக் குளிரும் ஊர்களில் பயன்படும் பொருள் நம் ஊரில் வெறும் மெழுகாகவே கிடக்கும்.

இரண்டாவது, கதிர்வீசிக் குளிரும் வண்ணப்பூச்சு. 2021-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் பேரியம் சல்ஃபேட் கொண்டு, வெயிலில் நூற்றுக்கு 98 பங்கைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சை உருவாக்கினார்கள். 8 முதல் 13 மைக்ரான் வரையிலான அலைநீளங்களில் அது தன் வெப்பத்தை வானத்தை ஊடுருவி விண்வெளிக்கே அனுப்பிவிடும். எனவே வெயிலில் நின்றும் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். நம் கடற்கரை வானத்தில் நீராவி மிகுதி. அந்தச் சாளரத்தைப் பாதி மூடிவிடும். ஆகவே பலன் குறையும். ஆயினும் பூசப்படும் இடம் சரியான இடம், அதாவது வெளிப்புறம். இதை வரவேற்கலாம்.

மூன்றாவது, கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பலகை. ஆஸ்திரேலியாவில் தோன்றியது. உரத் தொழிற்சாலைகளில் மலைபோல் குவியும் பாஸ்போஜிப்சம் என்னும் கழிவிலிருந்தே இதைச் செய்யலாம். 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மி.மீ. தடிப்புள்ள, உள்ளே குழிகள் கொண்ட பெரும் பலகைகள் இவை. இவற்றைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-இல் நான்கு குடியிருப்புகள் கொண்ட இரண்டடுக்கு மாதிரிக் கட்டடத்தைச் சுமார் ஒரு மாதத்தில் எழுப்பிக் காட்டினார்கள். இங்கே புதுப்பொருள் மினுக்கும் தோலாக வரவில்லை. சுவராகவும் தளமாகவும், கட்டடத்தின் எலும்பாகவே வருகிறது. செங்கல்லும் சிமென்ட்டும் மிச்சமாகின்றன. கழிவு ஜிப்சத்தில் ரேடியத்தின் சுவடு இருக்கக்கூடும் என்பதால், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கட்டுமானத்துக்கு வரம்பு விதித்திருக்கிறது. அந்த வரம்புக்கு உட்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். பாராட்டத்தக்க புதுமை. ஆனால் அதன் கூரைமேலும் வெயில் விழத்தான் செய்யும். அதற்கும் வெள்ளை வேண்டும்.

என் சொல்லை அப்படியே நம்பிவிடாமல், நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மேலும் கூரையாக ஒரே மாதிரித் தட்டோடு ஒன்றை வையுங்கள். முதல் ஓட்டின் மேல் கரியைப் பூசுங்கள். இரண்டாவது ஓட்டின் மேல் சுண்ணாம்பு பூசுங்கள். மூன்றாவதன் மேல் கரி பூசி, அடியில் ஒரு தெர்மாகோல் துண்டை ஒட்டுங்கள். காலையிலிருந்து வெயிலில் வைத்து, பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே வெப்பமானியைச் செருகிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓடுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். மூன்றாவது பெட்டியின் ஓடு எவ்வளவு சூட்டைத் தாங்கி நிற்கிறது என்பது அப்போது தெரியும். அதுதான் பொய்க்கூரைக்கு மேலே இருக்கும் மெய்க்கூரையின் கதி.

கடைக்குப் போகும்போது நான்கு கேள்விகளைக் கொண்டுபோங்கள். இந்தப் பொருளின் தடிப்பு என்ன, வெப்பங்கடத்து திறன் என்ன? வெப்பம் நுழையும் பக்கத்தில் இதைப் போட முடியுமா? ஈரத்திலும் உப்புக்காற்றிலும் எத்தனை ஆண்டு நிற்கும்? எரிந்தால் என்ன வாயு வரும்? விடை சொல்ல முடியாத பொருளுக்கு அழகுக்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள். குளிர்ச்சிக்கு என்று தனியாக விலை கொடுக்க வேண்டாம்.

மாமா வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். பொய்க்கூரையைப் பிடுங்கச் சொல்லவில்லை, போட்டது போட்டதுதான். ஏப்ரல் பிறக்குமுன் மொட்டை மாடியைக் கழுவி, மருமகனும் நானும் மூன்று முறை சுண்ணாம்பு அடித்தோம். வடகிழக்குப் பருவமழையில் அது கரைந்துபோகும், தூசியும் பாசியும் படிந்தால் மங்கும், ஆகையால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அறுவடைப் பணம் வந்ததும் சுருக்கி போட்டுத் தட்டோடு பதிக்கப்போவதாக மாமா சொல்லியிருக்கிறார். அக்காள் மட்டும், "இதை வீடு கட்டும்போதே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. வீடு கட்டப்போகும் வாசகர்களுக்காவது இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.